இறங்கலாகாத இடத்தில் இறங்கும் எந்திரன்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பாட்டும் நாட்டியமும் பட்டிமன்றமும் நிறைந்த இந்த இனிய விழாவில், கழிவுநீர்த் தொட்டியைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்து நிற்கிறாரே என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அதிலும் விருந்து காத்திருக்கும் வேளை இது. பொறுத்தருள வேண்டுகிறேன். கட்டடங்களுக்குள் எளிதில் சென்றடைய இயலாத இடங்களைத் துப்புரவு செய்யும் எந்திரனை எவ்வாறு அமைப்பது என்பதே எனக்கு இடப்பட்ட தலைப்பு. அத்தகைய இடங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தேன். மாடியின் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி உண்டு. சுவருக்குள் ஓடும் குழாய் வழிகள் உண்டு. காற்று செல்லும் தகரக் குழல்கள் உண்டு. தரைக்கடியில் குடிநீர் தேங்கும் சம்ப் உண்டு. ஆயினும் இவை எல்லாவற்றினும் கொடிய இடம் ஒன்று நம் கால்களுக்குக் கீழே இருக்கிறது. நம் பிள்ளைகள் பந்தாடும் முற்றத்தின் ஓரத்தில், இரும்பு மூடியிட்டு மறைத்து வைத்திருக்கிறோமே, அந்தக் கழிவுநீர்த் தொட்டிதான் அது.

நாம் வாழும் சந்தாபுரா, ஆனேக்கல் வட்டத்தில், ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஊர். தொழிற்பேட்டைகளும் கணிப்பொறி நிறுவனங்களும் பெருகப் பெருக, வயல்களும் தோப்புகளும் இருந்த இடங்களில் குடியிருப்புகள் எழுந்தன. வீடுகள் எழுந்த விரைவில் கழிவுநீருக்கான வழிகள் எழவில்லை. நம் ஊர் ஏரியைக் காக்கத் தவறியமைக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கருநாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். பொதுச் சாக்கடை வந்து சேராத இடத்தில், ஒவ்வொரு குடியிருப்பும் தன் கழிவைத் தானே தேக்கி வைக்கிறது. சிலர் செப்டிக் டேங்க் கட்டியிருக்கிறார்கள். பெரிய அடுக்ககங்கள் எஸ்.டி.பி. என்னும் சுத்திகரிப்பு நிலையத்தை அமைத்திருக்கின்றன. தேக்கி வைத்ததை என்றேனும் ஒரு நாள் அகற்றியே ஆக வேண்டும். அந்த நாளில் யார் இறங்குவது என்பதே இன்று நம் முன் நிற்கும் கேள்வி.

முதலில், அத்தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். காற்றுப் புகாத இடத்தில் கழிவு அழுகும்பொழுது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக் காற்றும், மீத்தேன் என்னும் எரியும் காற்றும் பிறக்கின்றன. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைக் காட்டிலும் கனமானது. ஆதலால் அடியில் தங்கும். சிறிதளவு இருக்கும்பொழுது அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கு அளவிற்கு அது மிகும்பொழுது, மூக்கின் உணர்ச்சியே மரத்துப் போகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி ஒருவன் நிம்மதி கொள்ளும் வேளையே அவன் உயிருக்கு இடர் சூழும் வேளை! 500 பங்கைக் கடந்து உயர்ந்தால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே உயிர் பிரியும்.

இன்னொரு வஞ்சகமும் உண்டு. மூடியைத் திறந்து ஒரு நாள் காற்றாட விட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அடியில் இறுகிக் கிடக்கும் சேற்றுக்குள் அந்த நச்சுக் காற்று குமிழ்களாகச் சிறைப்பட்டிருக்கிறது. மேற்பரப்பில் காற்று தூயதாகத் தோன்றும். இறங்கியவன் மண்வெட்டியால் சேற்றைக் கிளறிய கணத்தில் அது பீறிட்டு எழும். அவன் விழுவான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவான், அவனும் விழுவான். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில், பாதாளச் சாக்கடைக்குள் விழுந்துவிட்ட இரண்டு தொழிலாளர்களைக் காக்க, அவ்வழியே வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இறங்கினார். மூவருமே மாண்டனர். நமக்கு அண்மையில், 2018 சனவரியில், எச்.எஸ்.ஆர். குடியிருப்பை அடுத்த சோமசுந்தரபாளையாவில் ஓர் அடுக்ககத்தின் சுத்திகரிப்புத் தொட்டியில் மூன்று பேர் உயிரிழந்தனர். அது வீதியில் ஓடும் சாக்கடை அன்று. நம்மைப் போன்ற குடும்பங்கள் வாழும் வீட்டின் அடித்தளம்!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் கையால் அகற்றுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் அதனினும் விரிவான சட்டம் வந்தது. தக்க பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவோருக்கு, முதற் குற்றத்திற்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. இறந்தவர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. 2025 சனவரியில், சென்னை, பெங்களூரு உள்ளிட்ட 6 பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடையைத் துப்புரவு செய்வதை அறவே நிறுத்த வேண்டும் என்றும் பணித்தது. இவ்வளவு இருந்தும் மனிதர்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏன்?

இந்த 'ஏன்' என்னும் வினாவிற்கு விடை காண, இங்கிலாந்து நாட்டின் வரலாறு ஒன்று துணை செய்யும். அந்நாட்டில் குளிர் மிகுதி. ஆகவே வீடுதோறும் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் உண்டு. புகைபோக்கிக்குள் கரி படிந்தால் தீப்பற்றும். அதைச் சுரண்டி எடுக்கச் சிறுவர்களை உள்ளே ஏற்றினார்கள். 6, 7 வயதுக் குழந்தைகள், முழங்கால் தோல் உரிய, கண்ணில் கரி விழ, இருண்ட குழாய்க்குள் ஊர்ந்து ஏறினார்கள். சிலர் வளைவுகளில் சிக்கி மூச்சடைத்து இறந்தார்கள். 1803ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர், ஒன்றோடொன்று பொருத்தக்கூடிய குழல்களின் தலையில் தூரிகையைக் கட்டி, கீழே நின்றபடியே புகைபோக்கியைத் துடைக்கும் கருவி ஒன்றை அமைத்தார். 1828இல் ஜோசப் கிளாஸ் என்பவர் அதைச் செம்மைப்படுத்தினார். 21 வயது நிரம்பாத எவரும் புகைபோக்கியில் ஏறலாகாது என்று 1840இல் சட்டமும் வந்தது. ஆயினும் 1875இல் ஒரு சிறுவன் இறந்து, அதன் விளைவாக உரிமம் பெறாதோர் தொழில் செய்ய இயலாதபடி கடுமையான சட்டம் வந்த பின்னரே அக்கொடுமை ஓய்ந்தது.

1803 முதல் 1875 வரை 72 ஆண்டுகள்! கருவி கையில் இருந்தும் 72 ஆண்டுகள் குழந்தைகள் ஏறினார்கள். காரணம் என்ன? எங்கள் புகைபோக்கியில் வளைவு மிகுதி, உங்கள் கருவி நுழையாது என்றார்கள் வீட்டுக்காரர்கள். கருவியைப் பயன்படுத்தினால் கம்பளத்தில் கரி கொட்டும் என்றார்கள். சிறுவன் ஏறினால்தான் துப்புரவாகும் என்றார்கள். கருவியைப் படைத்தவர்கள் தோற்கவில்லை. அதை வீட்டுக்குள் விட மறுத்தவர்களால்தான் காலம் கடந்தது. நம் தொட்டிகளின் கதையும் இதுவேயாகும் என்பதுதான் நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

நம் நாட்டில் கருவிகள் பிறக்காமல் இல்லை. கேரளத்தில் குற்றிப்புரம் பொறியியற் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் சிலர், கோழிக்கோட்டு நிகழ்ச்சியால் நெஞ்சம் நொந்து, ஜென்ரோபாட்டிக்ஸ் என்னும் நிறுவனத்தின் வாயிலாக ஓர் எந்திரனை அமைத்தார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது பணியில் இறங்கியது. 'பாண்டிகூட்' என்று அதற்குப் பெயர். நம் ஊர்ப் பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது; தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது. சிலந்தி போன்ற கால்களால் குழியின் சுவரில் ஊன்றி நின்று, கையால் அள்ளி வாளியில் இட்டு மேலே அனுப்புகிறது. மேலே நிற்பவர் திரையில் பார்த்தபடி அதை இயக்குகிறார். அதே ஆண்டில் நம் கும்பகோணம் நகராட்சியும் அதனைப் பெற்றது.

பாண்டிகூட் வீதியிலுள்ள சாக்கடைக் குழிக்கு ஏற்றது. கட்டடத்துக்குரிய செப்டிக் டேங்குக்காகச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரபு இராசகோபால் அவர்களின் வழிகாட்டலில் 'ஹோமோசெப்' என்னும் எந்திரன் உருவாயிற்று. ஒரு மாணவரின் பட்ட ஆய்வாகத் தொடங்கி, சோலினாஸ் என்னும் இளம் நிறுவனத்தின் கூட்டுறவால் அது வளர்ந்தது. இதன் அமைப்பை அறிந்தால் வியப்பீர்கள். கழிவை உறிஞ்சும் லாரி வந்தால் நீர்த்தன்மையுள்ள பகுதியை மட்டும் எளிதில் இழுத்துக்கொள்ளும். அடியில் இறுகிய சேறு குழாயில் ஏறாது. அப்பொழுதுதான் ஓர் ஆளை இறக்குகிறார்கள். ஹோமோசெப்பின் அலகுகள் குடையைப் போல மடங்கிச் சிறு துளை வழியே உள்ளே செல்லும்; உள்ளே சென்றபின் விரியும்; சுழன்று இறுகிய சேற்றைக் கூழாகக் கடையும்; பிறகு குழாய் அதனை உறிஞ்சிவிடும். மத்தால் தயிர் கடையும் நம் தாய்மார்களுக்கு இத்தத்துவத்தை விளக்க வேண்டுவதில்லை! 2022இல் முதல் இரண்டு எந்திரன்கள், துப்புரவுப் பணியில் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் தன்னுதவிக் குழுக்களுக்கு வழங்கப்பட்டன. கொன்ற தொழிலையே கருவி கொண்டு வென்றெடுக்கும் வாய்ப்பு அது.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் பொறியியல் பயில்பவர்கள். அவர்களுக்காக ஓர் எந்திரனின் இலக்கணத்தைச் சுருங்கச் சொல்கிறேன்.

முதலாவது, நுழைவு. தொட்டியின் வாய் பெரும்பாலும் 2 அடி அகலமே இருக்கும். உள்ளே சென்று விரியக்கூடிய உடலே வேண்டும். இரண்டாவது, இயக்கும் ஆற்றல். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால் ஒரு சிறு தீப்பொறியே வெடிப்பை உண்டாக்கும். ஆகவே மின்சார மோட்டாரை வெளியே நிறுத்தி, அழுத்திய காற்றினாலோ எண்ணெயின் அழுத்தத்தினாலோ உள்ளுறுப்புகளை இயக்குவது நன்று. உள்ளே செல்லும் மின்கருவி எதுவும் தீப்பொறி வெளிவராதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, கொடி. கான்கிரீட் சுவருக்குள் வானொலி அலையை நம்புவது அறிவுடைமை ஆகாது. காற்றும் செய்தியும் செல்லும் குழாயும், பழுதானால் இழுத்து மேலேற்றும் கயிறும் ஒன்றாய் இணைந்த தொப்புட்கொடி வேண்டும். எந்திரன் உள்ளே சிக்கிக்கொண்டால் அதை எடுக்க ஒரு மனிதன் இறங்க நேருமாயின், அந்த எந்திரனால் என்ன பயன்?

நான்காவது, புலன். ஆக்சிஜன், மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றின் அளவை இடைவிடாது மேலே அறிவிக்கும் உணர்கருவிகள் வேண்டும். மேலே நிற்பவருக்கும் நச்சுக் காற்று தீங்கு செய்யும் என்பதை மறக்கலாகாது. ஐந்தாவது, எளிமை. இயக்குபவருக்குத் தெரிந்த மொழியில், தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ, திரை பேச வேண்டும். ஆறாவது, பலரும் மறந்துவிடுவது: பணி முடிந்தபின் அந்த எந்திரனைக் கழுவுவது யார்? அதன் இடுக்குகளில் கழிவு தேங்குமாயின், அதைக் கையால் சுரண்டி எடுக்கும் வேலை மீண்டும் ஒரு மனிதனையே சேரும். ஆதலால் நீரைப் பீய்ச்சினாலே தூய்மையாகும் வழவழப்பான உடல் வேண்டும்.

குடிநீர் சம்புக்கு வேறோர் எந்திரன் வேண்டும். கழிவில் இறங்கியது குடிநீரில் இறங்கலாகாது. நீச்சல் குளத்தின் தரையை நீருக்கடியில் ஊர்ந்தே துப்புரவு செய்யும் எந்திரன்கள் பல நாடுகளில் உண்டு. அவ்வகையைத் தூய முறையில் பயன்படுத்தினால் தொட்டி நீரைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டுவதில்லை. 2024 கோடையில் ஒரு லாரித் தண்ணீருக்காக நாம் பட்ட பாட்டை எண்ணினால் இதன் அருமை புலனாகும்.

எந்திரனின் இலக்கணம் இவ்வளவே. இனி, கட்டடத்தின் இலக்கணம். இங்கிலாந்தில் சட்டம் இயற்றியோர், புகைபோக்கியின் அகலம் இவ்வளவு இருக்க வேண்டும், மூலைகள் இவ்வாறு வளைய வேண்டும் என்றும் விதி வகுத்தார்கள். கருவி நுழையும்படி வீடு அமைய வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். நம் கட்டடங்களில் என்ன காண்கிறோம்? தொட்டியின் மூடிக்கு மேல் கார் நிறுத்துகிறோம். அடித்தளத்தின் கடைக்கோடியில், லாரிக் குழாய் எட்டாத மூலையில், எஸ்.டி.பி.யை அமைக்கிறோம். பெரிய தொட்டிக்கு ஒரே ஒரு வாய் வைக்கிறோம். தரையைச் சமமாக விடுகிறோம். இரண்டு வாய்கள் இருந்தால் ஒன்றின் வழியே காற்றைச் செலுத்தி, மற்றொன்றின் வழியே கருவியை இறக்கலாம். தரை ஒரு பக்கம் சரிந்து பள்ளத்தில் முடிந்தால் சேறு தானே அங்கு வந்து சேரும். மூலைகள் வளைவாக இருந்தால் அங்கு எதுவும் தங்காது. இவற்றுக்கு ஆகும் செலவு, வாயிலில் நாம் அமைக்கும் அலங்கார வளைவின் செலவைக் காட்டிலும் மிகாது.

நம் வீட்டுப் பழக்கத்திற்கும் இதில் பங்குண்டு. கந்தைத் துணி, அணையாடை, ஈரத் துடைப்பான் போன்றவற்றைக் கழிப்பறைக் குழியில் போட்டால் அவை பம்பின் இறக்கையைச் சுற்றிக்கொள்ளும். பம்பு நின்றால் தொட்டி நிரம்பும். தொட்டி நிரம்பினால் யாரையேனும் உடனே அழைத்து வா என்று கூச்சலிடுகிறோம். அந்த 'யாரேனும்' யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் இத்தொழிலில் தள்ளப்பட்டவர்களே அவர்கள்.

நமக்கு அருகிலுள்ள கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழர்கள் அங்கே பூமிக்கடியில் 3 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்தார்கள். இருளிலும் வெப்பத்திலும் இறங்குவது என்னவென்று நம் முன்னோருக்குத் தெரியும். அதே தங்கவயலில், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்தான் பெசவாடா வில்சன். கையால் மலம் அள்ளும் இழிவை ஒழிக்கச் சபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கத்தை வளர்த்து, 2016இல் மகசேசே விருது பெற்றார். அதே ஆண்டில் நம் இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணாவும் அவ்விருதைப் பெற்றார். ஒருவரை நாம் எளிதில் நினைவு கூர்கிறோம். மற்றவரையும் நினைவு கூர்வது நம் கடமை.

எந்திரன் வந்தால் ஏழையின் பிழைப்பு போகாதா என்று சிலர் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி அது. குழியில் இறங்கியவரே எந்திரனை இயக்குபவராக மாற வேண்டும் என்பதே அதற்கு விடை. கேரளத்தில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கே பாண்டிகூட்டை இயக்கும் பயிற்சி அளித்தார்கள். தொட்டியின் போக்கு அவர்களுக்குத் தெரியும். எங்கே சேறு இறுகும், எங்கே குழாய் அடைக்கும் என்பது அவர்கள் அறிந்த கல்வி. அந்த அறிவை மதித்துக் கூலி கொடுப்பதே நீதி. அவர்களை விலக்கிவிட்டு எந்திரனை மட்டும் வரவேற்றால், பாதி நீதியே செய்தவர்களாவோம்.

'ரோபோ' என்னும் சொல்லைக் காரெல் சாபெக் என்னும் செக் நாட்டு நாடக ஆசிரியர் 1920இல் உலகுக்கு அளித்தார். அவர்தம் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்னும் சொல்லும் அப்பொருளையே தரும். மனிதன்மேல் சுமத்திய வெட்டியை இரும்பின்மேல் ஏற்றி வைப்பதைவிட அப்பெயருக்குப் பொருத்தமான பணி வேறென்ன இருக்க முடியும்?

நிறைவாக, நம் குடியிருப்புச் சங்கங்களின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். எந்தச் சூழ்நிலையிலும் ஒரு மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவதில்லை என்று இவ்வாண்டே தீர்மானம் எழுதுவோம். ஒப்பந்தக்காரர் எவ்வளவு குறைந்த கூலி கேட்டாலும், எந்தக் கருவியைக் கொண்டு வருகிறீர் என்பதையே முதலில் கேட்போம். சேறு இறுகும் வரை காத்திராமல், குறித்த காலத்தில் உறிஞ்சும் லாரியை வரவழைப்போம். ஒரு குடியிருப்பால் எந்திரனை வாங்க இயலாது. பத்துக் குடியிருப்புகள் சேர்ந்தால் வாடகைக்கு அமர்த்தலாம். நகராட்சியிடம் ஒன்று வாங்கி வைக்குமாறு கூடிக் கேட்கலாம். கன்னட அன்பர்களும் தெலுங்கு அன்பர்களும் மலையாள அன்பர்களும் இதில் நம்முடன் நிற்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தொட்டியின் மூடியின்மேல், யாரும் இறங்கக் கூடாது என்று கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி வைப்போம். உள்ளே எவரேனும் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்கலாகாது, தீயணைப்புப் படையையே அழைக்க வேண்டும் என்பதைக் காவலாளிக்கும் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.

இங்கிலாந்துக்கு 72 ஆண்டுகள் ஆயின. நம் நாட்டில் 2018இல் எந்திரன் பணிக்கு வந்துவிட்டது. இன்னும் எத்தனை ஆண்டுகள் என்பதை அறிஞர்களும் அமைச்சர்களும் மட்டும் முடிவு செய்யப் போவதில்லை. அடுத்த முறை நம் தொட்டி நிரம்பும்பொழுது, தொலைபேசியைக் கையில் எடுக்கும் நாமே முடிவு செய்யப் போகிறோம். நல்ல முடிவு செய்வோம் என்று நம்புகிறேன்.